யார் காதுக்காக?

போன மார்கழியில் என் அக்கா மகள் மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். அக்கா வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது. அங்கே ஆள் வரத்து அதிகம். வருகிற ஒவ்வொருவரும் அவளிடம் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கல்யாணத்தைப் பற்றி இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கீழே வைப்பார்கள். "சித்தி, உங்க வீட்டுலன்னா நிம்மதியா படிப்பேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலையூர் வந்துவிட்டாள். சென்னையில் பேச்சு, செவித்திறன் சிகிச்சைக்கான நான்கு வருடப் பட்டப்படிப்பை முடித்தவள். இப்போது அமெரிக்காவில் முதுகலை கடைசி வருடம். ஜனவரியில் திரும்பிப் போனதும் அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது.

அந்தத் தேர்வுக்குப் பெயர் ப்ராக்ஸிஸ். 132 கேள்விகள், 150 நிமிடங்கள். நூறிலிருந்து இருநூறு வரை போகும் அளவுகோலில் 162 எடுத்தாக வேண்டும். அதோடு முதுகலைப் பட்டம், 400 மணி நேரப் பயிற்சி, அதற்கப்புறம் ஒருவர் மேற்பார்வையில் 36 வாரப் பணி. இவ்வளவும் முடிந்தால்தான் ஆஷா என்று எல்லோரும் சொல்கிற அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் சான்றிதழ் தரும். 1925இல் தொடங்கிய சங்கம் அது. நம் நாட்டில் இப்படித் தனித்தேர்வு கிடையாது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, 1992ஆம் வருடச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துகொண்டால் சிகிச்சை அளிக்கலாம்.

கல்லூரி விட்டு வந்து முகம் கழுவியதும் என் வேலை கேள்வி அட்டை பிடிப்பது. அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். நான் அட்டையைப் படிப்பேன். அவள் விடை சொல்வாள். மருத்துவச் சொற்களை நான் படிக்கிற அழகைக் கேட்டு முதல் நாள் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. நான் சொல்ல வந்தது புரிந்ததும் நேரே விடைக்குப் போய்விட்டாள். இருபது வருடமாக வகுப்பறையில் நிற்பவளுக்கு இது விநோதமாக இருந்தது. என் வாழ்க்கையில் யாராவது ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்து, நான் திருத்தாமல் விட்டதாக நினைவில்லை.

பேச்சு சிகிச்சை என்றால் திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அட்டைகள் வேறு உலகத்தைக் காட்டின. பக்கவாதம் வந்த பிறகு சொல் எழாமல் தவிப்பவர், அன்னப் பிளவோடு பிறந்த குழந்தை, ஆட்டிசம் உள்ள சிறுவன், காது கேளாமை, குரல்வளை எடுக்கப்பட்டவர், தண்ணீர் விழுங்கினாலே புரையேறுகிற முதியவர். எல்லாமே அவள் பாடத்திட்டத்தில் இருந்தன. "சாப்பாடு முழுங்குறதும் உங்க டிபார்ட்மென்ட்டா?" என்று கேட்டேன். "பேசுறதும் முழுங்குறதும் ஒரே தொண்டைதானே சித்தி" என்றாள்.

என் குரலும் அவளுக்கு ஒரு பாடம்தான். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே எழுபது பேருக்குக் கேட்கும்படி ஒரு நாளில் நாலு வகுப்பு எடுத்து, வெள்ளிக்கிழமை மாலை எனக்குக் குரல் கம்மிவிடும். அதை நான் தொழிலின் கூலி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர்களுக்குக் குரல் கெடுவது மற்ற வேலை செய்பவர்களைவிட அதிகம், அதிலும் பெண் ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம் என்று அவள் சொன்னாள். ஒரு பக்கம் கத்திப் பேசாதே என்று வளர்க்கிறார்கள். மறுபக்கம் ஒலிபெருக்கிகூட இல்லாத அறையில் எழுபது பேருக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். இதை நான் சொன்னதும், "தண்ணி குடிங்க, முதல்ல" என்று சொம்பை நகர்த்தி வைத்தாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு அட்டை என்னை நிறுத்தியது. வேறு வட்டாரத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, சில ஒலிகளைத் தன் ஊர் வழக்கப்படி உச்சரிக்கிறாள். பள்ளி ஆசிரியை சிகிச்சைக்கு அனுப்புகிறார். சிகிச்சையாளர் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடைகள். எனக்கு முதல் விடையே சரியாகப் பட்டது: அந்த ஒலிகளுக்குப் பயிற்சி கொடுப்பது. அவள் நான்காவதைச் சொன்னாள்: சிகிச்சை தேவையில்லை, அது அந்த மொழிச் சமூகத்தின் வழக்கு என்று ஆசிரியைக்கு விளக்க வேண்டும். "இது வேறுபாடு சித்தி. கோளாறு இல்ல. ரெண்டையும் குழப்பிட்டா நாங்க ஃபெயில்" என்றாள். ஆங்கிலத்தின் எந்த வட்டார, சமூக வழக்கும் பேச்சுக் கோளாறு ஆகாது என்று அந்தச் சங்கம் 1983இலேயே நிலைப்பாடு எடுத்திருக்கிறது. கறுப்பின மக்களின் ஆங்கிலத்தைக் குறையுள்ள ஆங்கிலம் என்று பள்ளிகள் ஒதுக்கிவந்த நாட்டில் அந்த வரிக்கு எடை உண்டு.

நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண். இளங்கலை முதல் வருடம். பாடம் வாசிக்க எழுந்தவள் "தமிள்" என்றாள். நான் நிறுத்தினேன். கிழவனும் வாழைப்பழத் தோலும் வருகிற அந்த நாப்பயிற்சி வாக்கியத்தை மூன்று முறை சொல்லச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தமிழ்த்துறையில் சேர்ந்துவிட்டு ழகரம் வராமல் இருக்கலாமா என்று ஒரு சின்ன உபதேசமும் செய்தேன். அதற்கப்புறம் அவள் வாசிக்க எழுந்ததே இல்லை. கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். அக்கறையில்லாத பெண் என்று எடுத்துக்கொண்டேன்.

தென்மாவட்டங்களில் பல ஊர்களில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. சென்னைப் பேச்சில் ழகரம் யகரமாவதும் உண்டு. இதை மொழியியல் வகுப்பில் நானே பாடமாக நடத்துகிறேன். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வொரு எழுத்தும் எங்கே பிறக்கிறது என்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை வைத்து விளக்குகிறது. அதே நூலின் சொல்லதிகாரம் திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரிய நான்கு வகைச் சொற்களில் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. பிற நிலங்களின் சொல்லுக்கு இடம் கொடுத்த அந்த நூலில் எனக்கு முனைவர் பட்டம்வரை பழக்கம். ஆனாலும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் ஊர் அவள் வாயில் வந்தபோது எனக்கு அது பிழையாகத்தான் கேட்டது. யாருடைய உச்சரிப்பு இயல்பாக இருக்கிறது, யாருடையது திருத்தப்பட வேண்டியது என்கிற தீர்ப்பில் ஊரும் சாதியும் வர்க்கமும் ஒளிந்திருக்கின்றன. சென்னைத் தமிழைச் சேரித் தமிழ் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் இலக்கணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நாம் யாரும் நம்புவதில்லை.

அன்று மாலை நான் கேட்டுக்கொண்டது இதுதான்: இன்னொருத்தியின் பேச்சைச் சரிசெய்ய எனக்கு எப்போது உரிமை வருகிறது? எப்போதுமே வராது என்று எழுதி முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொரு அட்டை வந்தது.

திக்கல் உள்ள ஒரு மாணவி. வகுப்பில் பேச அஞ்சுகிறாள். அவள் ஆசிரியை இரக்கப்பட்டு வாய்மொழித் தேர்விலிருந்து முழு விலக்குக் கொடுத்திருக்கிறார். சிகிச்சையாளர் அந்த ஆசிரியைக்கு என்ன சொல்ல வேண்டும்? நான் கேள்வியைப் படித்துவிட்டு விடைகளைப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். "என்ன சித்தி?" என்றாள். "ஒண்ணுமில்ல. நான்தான் அந்த டீச்சர்" என்றேன்.

பத்து வருடங்களுக்கு முன் எங்கள் முதுகலை வகுப்பில் திக்கிப் பேசுகிற பெண் ஒருத்தி இருந்தாள். கருத்தரங்கக் கட்டுரை வாசிக்க அவள் முறை வந்தபோது, முந்தின நாளே என் அறைக்கு அழைத்து, "நீ எழுதிக் கொடுத்தா போதும்மா, வாசிக்க வேண்டாம், மார்க் குறையாது" என்றேன். அவள் ஒரு கணம் ஏதோ சொல்ல வந்தாள். முதல் எழுத்திலேயே நின்றது. அவள் சிரமப்படக் கூடாது என்று, "சரி சரி, தேங்க்ஸ் எல்லாம் வேண்டாம்" என்று நானே முடித்துவைத்தேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு வருடத்தில் அந்த வகுப்பறையில் அவள் குரலை யாரும் கேட்கவில்லை. மற்ற ஆசிரியர்களுக்கும் நான் சொல்லிவைத்திருந்தேன். நல்ல காரியம் செய்ததாக நம்பினேன். ஒருத்தியைத் திருத்தி வாயை அடைத்தேன் என்றால், இன்னொருத்தியை இரங்கி அடைத்தேன்.

அட்டையின் விடை எளிமையானது. விலக்கு வேண்டுமா, கூடுதல் நேரம் வேண்டுமா, சின்னக் குழுவில் பேசுவதா என்று அந்த மாணவியிடம் கேட்க வேண்டும். பேச்சைத் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வளரும் என்று அக்கா மகள் விளக்கினாள். திக்குகிறவர் நிற்கும்போது வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது. "மெதுவா பேசு", "மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லக் கூடாது. கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "செஞ்சு பாருங்க, தெரியும்" என்றாள்.

திக்கல் பெரியவர்களில் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்கிற அளவில்தான் காணப்படுகிறது என்று அவள் பாடப்புத்தகம் சொல்கிறது. குழந்தைப் பருவத்தில் திக்கத் தொடங்கும் பெண்களில் அதிகம் பேர் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த ஐந்தில் ஒருத்தியைப் பற்றித்தான் எனக்கு யோசனை. திக்குகிற பையனை வீடு பார்த்துவிடுகிறது. நாளை வேலைக்குப் போக வேண்டியவன், நாலு பேரிடம் பேச வேண்டியவன் என்று தாம்பரத்திலிருந்து நகரத்தின் மறுகோடி வரைக்கும் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார்கள். திக்குகிற பெண் பேசாமல் இருந்துவிட்டால் போதும், பிரச்சினை மறைந்துவிடும். ஊர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. அடக்கமான பெண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். மாப்பிள்ளை வீட்டில் இதைப் பெருமையாகவே சொல்வார்கள்.

அதே ஊரில் தடையில்லாமல் பேசுகிறவளுக்குத்தான் நோய்ப் பெயர்கள். வாயாடி, வாய்த்துடுக்கு, வாய் நீளம், வாய் ஜாஸ்தி. ஆணுக்கு இவை அநேகமாகக் கிடையாது. அவன் பேச்சாளி ஆகிவிடுவான். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய் விற்கிற அம்மாவின் குரல் தெருக்கோடிவரை கேட்கும். கூறு கட்டி விலை சொல்கிறவரை அது பிழைப்புக்கு ஆகிற குரல். அதே குரலில் கடையை ஏன் நகர்த்தச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் வாய் ஜாஸ்தி. ஒரே தொண்டை, ஒரே டெசிபல். கேட்கிற காது மாறியதும் பேச்சு கோளாறாகிவிடுகிறது.

அக்கா மகளுக்கும் இது தெரியாததல்ல. "பேச்சு டாக்டருக்குப் படிக்கிறாளாமே, இவளுக்கே பேச்சு அதிகம்தானே" என்று ஒரு உறவினர் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே சொன்னார். அங்கே, பயிற்சிக்குப் போகிற இடத்தில், வேறு மாதிரி. ஒரு குழந்தையின் தாய் அவளுடைய மேற்பார்வையாளரிடம் போய், இந்தப் பெண்ணின் உச்சரிப்பு என் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறார். உச்சரிப்பு வேறாக இருப்பதைக் காரணம் காட்டி மாணவரையோ சிகிச்சையாளரையோ ஒதுக்கக் கூடாது என்று 1998இல் அந்தச் சங்கம் சொல்லியிருக்கிறது. அந்த வரி தெரிந்திருந்தும் அன்று இரவு கண்ணாடி முன் நின்று ஒரு மணி நேரம் தன் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மற்றவர் பேச்சை மதிப்பிடப் படிக்கிறவளின் பேச்சை இரண்டு நாடுகள் மதிப்பிட்டுக்கொண்டிருந்தன.

ஒரு பெயர் என்ன செய்யும் என்பதற்கு அவள் துறையின் வரலாற்றிலேயே ஒரு கதை உண்டு. 1939, அமெரிக்காவின் அயோவா மாநிலம். வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர், தானே திக்கிப் பேசியவர். திக்கல் என்று பெயர் சூட்டுவதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்க டேவன்போர்ட் நகரத்து அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆய்வை நடத்தியவர் அவருடைய முதுகலை மாணவி, மேரி டியூடர். சரளமாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், உனக்குத் திக்கத் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே என்ற விதத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்தக் குழந்தைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டார்கள், ஒடுங்கினார்கள். மேரி டியூடர் பிறகு அந்த இல்லத்துக்குத் திரும்பிப் போய்த் தான் செய்ததைச் சரிசெய்யப் பார்த்தார். 2001இல் ஒரு செய்தித்தாள் இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

இதைக் கேட்டபோது அந்தப் பேராசிரியர் மீது வந்த கோபத்தைவிட மேரி டியூடரைப் பற்றிய கலக்கம்தான் எனக்கு அதிகம். பட்டம் வேண்டும், வழிகாட்டி சொல்கிறார், குழந்தைகளைக் கேட்க யாருமில்லை. எங்கள் ஆய்வு மாணவிகளில் எத்தனை பேர் வழிகாட்டியிடம் முடியாது என்று சொல்ல முடிகிற நிலையில் இருக்கிறார்கள்? ஆனாலும் அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்துதான் போயின. பெண் என்பதாலும் அதிகாரத்தில் கீழே இருப்பதாலும் நம் பொறுப்பு கரைந்துபோவதில்லை. அவர் திரும்பிப் போனார் என்பதை நான் இதனால்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஜான்சனின் கருத்து இன்று நிற்கவில்லை. திக்கலுக்கு மரபணுவிலும் மூளையின் இயக்கத்திலும் வேர் இருக்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. பெயர் சூட்டல் ஒரு குழந்தையை ஒடுக்கும், ஆனால் திக்கலின் மூலம் அது இல்லை. அந்தக் கருத்து நடைமுறையில் இருந்த காலம் முழுதும் பழி சுமந்தவர்கள் பெற்றோர், அதாவது பெரும்பாலும் தாய்மார்கள். குழந்தைகளின் ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமின்மைதான் காரணம் என்று சென்ற நூற்றாண்டின் நடுவில் அறிஞர்களே எழுதினார்கள். அதுவும் தவறென்று ஆனது. ஆனால் வேளச்சேரி சாலையில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தின் வரவேற்பறையில் அரை மணி உட்கார்ந்து பாருங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் அநேகமாக அம்மாக்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், பாதி நாள் விடுப்புச் சொல்லி வந்தவர்கள். "நீ குழந்தைகிட்ட பேசறதே இல்லையா?", "கையில போனக் குடுத்துட்டு சமையக்கட்டுல நின்னா இப்படித்தான்" என்று மாமியாரிலிருந்து மாடி வீட்டுக்காரர்வரை அவர்களுக்கு நோய்க்காரணம் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு பெண், மூன்று வயது மகனோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பையன் தாமதமாகப் பேசுகிறான், இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது, ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஆங்கிலம் தட்டித் தடவித்தான் வரும். அம்மாவின் பேச்சு நாளுக்குப் பத்து வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வராது, வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வதுதான் கெடுதல், சோதிப்பதென்றால் இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பது அக்கா மகளின் தேர்வுக்கு அடிப்படைப் பாடம். அவளை அழைத்துப்போய் அந்தப் பெண்ணோடு பேசவைத்தேன். அவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் உள்ளே திரும்பி, "கண்ணா, செருப்ப போட்டுக்கிட்டு வாடா, கடைக்குப் போவோம்" என்றாள். ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த வாக்கியம்.

ஆக, எப்போது உரிமை வருகிறது? இதைப் பற்றி நாங்கள் இருவரும் நிறையச் சண்டை போட்டோம். பேச்சில் கை வைக்காமல் இருப்பதே மரியாதை என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கவாதம் வந்து மகளின் பெயரைச் சொல்ல முடியாமல் அழுகிற பாட்டியிடம், உன் மௌனத்தை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வர முடியுமா என்று கேட்டாள். செய்தி வாசிக்கும் வேலைக்குப் போக ஆசைப்பட்டு ழகரம் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு பெண் வந்து கேட்டால், உன் வட்டார வழக்கு அழகானது என்று அவளை அனுப்பிவிடுவது நியாயமா என்றும் கேட்டாள். கேட்டு வருகிறவளுக்குக் கற்றுத்தரலாம். அதை நோய் என்று பெயரிடாமல் கற்றுத்தர வேண்டும். அவளுடைய துறை இதை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. நான் கேட்டேன்: அந்தப் பெண்ணுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது? ழகரம் வராவிட்டால் வேலை இல்லை என்று உலகம் சொன்னதால் வந்த ஆசைதானே? "இருக்கலாம் சித்தி. ஆனா உலகம் மாறுற வரைக்கும் அவ வேலையில்லாம இருக்கணுமா?" என்றாள். இதற்கு என்னிடம் இன்னும் முழு பதில் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் கிடைத்திருக்கிறது. திருத்துவதற்கு முன்னாலும் சரி, விட்டுவிடுவதற்கு முன்னாலும் சரி, அதைக் கேட்டுக்கொள்கிறேன். இது யார் காதுக்காக? ராமநாதபுரத்துப் பெண் "தமிள்" என்றபோது அவள் சொன்னது வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது. உறுத்தியது என் காதுக்கு. திக்கிய பெண்ணை வாசிக்க வேண்டாம் என்றபோது, அவள் வேதனைப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கிற அந்த விநாடிகளைத் தாங்க முடியாமல் இருந்தது நான்தான். இரண்டு தடவையும் சிகிச்சை தேவைப்பட்டது எனக்கு. மருந்து குடித்தது அவர்கள்.

இதைத் தனிமனிதக் குணமாக மட்டும் பார்க்கவும் முடியாது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. குரல்வளை அகற்றப்படுவது, மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பது போன்றவற்றால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று அதற்கு வரையறை. திக்கல் அங்கே பெயர் சொல்லப்படவில்லை. சட்டம் பேசாத இடத்தில் திக்குகிற ஒரு மாணவிக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதும் கிடைக்காததும் ஆசிரியையின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. என்னைப் போன்றவர்களின் இரக்கத்தை நம்பி ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தை விடக் கூடாது என்று என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும்.

அவள் ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில், பழைய மாணவர் வாட்ஸப் குழுவிலிருந்து அந்த முதுகலை மாணவியின் எண்ணை எடுத்து எழுதினேன். அன்று நான் செய்தது தவறென்று இப்போது புரிகிறது, மன்னிக்க வேண்டும் என்று. எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. மன்னிப்புக் கேட்பதும் என் காது குளிர்வதற்காகத்தானா என்ற சந்தேகம் விடவில்லை. பதில் வேண்டாம் என்ற வரியைக் கடைசியில் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "மேடம், நீங்க அன்பாத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கட்டுரைய நான் வீட்டுல ஆறு தடவ சத்தமா வாசிச்சுப் பாத்திருந்தேன். அத சொல்லத்தான் அன்னைக்கு வாயெடுத்தேன்."

நன்றி சொல்ல வருகிறாள் என்று நானே முடித்துவைத்த வாக்கியம் அது.

ஜனவரி கடைசியில் அக்கா மகள் தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். அக்கா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாள். வாயாடி என்று சொன்ன உறவினர் தன் பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, இவளிடம் போனில் கேட்க முடியுமா என்று விசாரித்தாராம்.

இந்தப் பருவத்தில் கருத்தரங்கம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு மாணவியையும் தனித்தனியே கேட்டேன்: எப்படி வாசிக்க விருப்பம், எவ்வளவு நேரம் வேண்டும், நான் ஏதாவது செய்ய வேண்டுமா, செய்யாமல் இருக்க வேண்டுமா. இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றார்கள். ஒருத்தி தன் ஊர்த் தமிழிலேயே பேசலாமா என்றாள். இன்னொருத்தி, "எனக்குத் திக்கும் மேடம். நின்னா நிக்கட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க" என்றாள்.

அவள் முறை போன புதன்கிழமை வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லில் நின்றாள். அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். முதல் வரிசையில் ஒருத்தி உதட்டை அசைக்கத் தொடங்கியதைப் பார்த்துக் கையால் வேண்டாம் என்றேன். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே போய் அதன் சத்தம் முழுதும் அடங்கியது. என் நாக்கு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குத் தயாராக அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு அந்தச் சொல் வந்தது. நான் நினைத்திருந்த சொல் இல்லை, வேறொன்று. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் குனிந்து அதைக் குறித்துக்கொண்டேன்.